கையெழுத்துக்கு ஓர் ஆள்

எங்கள் வீட்டை விற்றுத்தர இரண்டு தரகர்கள் வந்தார்கள். ஒருவர் கள்ளர், மற்றவர் நேர்மையானவர். நான் நேர்மையானவரைத் தெரிந்தெடுத்தேன். கள்ளரைத் தெரிந்தெடுத்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன்.

தொண்ணூறாம் ஆண்டு. இந்திய ஆமி கப்பல் ஏறிப் போயிருந்தது. அடுத்த சண்டை இன்னும் தொடங்கவில்லை. குருநகரில் எல்லோரும் சமாதானம் வந்துவிட்டது என்று வலை பொத்துவதும் கலியாணம் பேசுவதுமாக இருந்தார்கள். எனக்கு அந்த அமைதியில் ஒரு துளி நம்பிக்கையும் இல்லை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இலங்கை ஆமிக்காரன் இருந்தபடிதான் இருந்தான். இதற்கு முந்திய சண்டையில் அங்கிருந்து அடித்த ஷெல் ஒன்று பக்கத்து வீட்டு இராசாத்தியின் குசினியில் விழுந்தது. அவள் அப்போது மீன் வெட்டிக்கொண்டு இருந்தாள். அதற்குமேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவளுடைய குசினிக்கும் என் மகள் றோஸ் படுக்கிற அறைக்கும் இடையில் இருந்தது ஒரு கிடுகு வேலி மட்டும்தான்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அடுத்த ஷெல் விழும்போது நானும் றோசும் இந்தத் தெருவில் இருக்கக் கூடாது. சண்டிலிப்பாயில் சின்னம்மாவின் வளவுக்குப் பக்கத்தில் சின்ன வீடு ஒன்று விலைக்கு இருந்தது. கடற்கரை வீட்டை விற்றால் அதை வாங்கலாம். விற்காவிட்டால் இங்கேயே கிடந்து அடுத்த ஷெல்லுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வீடு என் சீதனம், உறுதிப் பத்திரமும் என் பெயரில்தான். ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்துச் சட்டம் இருக்கிறதே, அதைப் போல ஆம்பிளைகளுக்கு வசதியான சட்டம் வேறில்லை. பெண்சாதியின் சொத்தானாலும், புருஷன் சம்மதம் என்று கையெழுத்து வைக்காமல் அவள் அதை விற்க முடியாது. என் புருஷன் செபநாயகம் எண்பத்தைந்தில் கடலுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. கடலில் சூடு நடந்தது என்றார்கள். சன்னம் துளைத்த வள்ளம் மட்டும் இழுபட்டு வந்தது. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் மரண அத்தாட்சிப் பத்திரம் தர ஏலாது என்று பதிவுக் கந்தோரில் சொல்லி, கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். கோர்ட்டுக்குப் போனேன். போகும்போதெல்லாம் ஒன்றில் கோர்ட் பூட்டிக் கிடந்தது, அல்லது நீதவான் கொழும்புக்குப் போயிருந்தார். ஆக, சட்டத்துக்கு என் புருஷன் உயிரோடு இருந்தார். கையெழுத்து வைக்கத்தான் ஆள் இல்லை.

முதலில் வந்த தரகர் இன்னாசித்தம்பி. எங்கள் கோயில் பங்குக்காரர்தான். சைக்கிளை வேலியில் சாத்த முன்பே தொடங்கிவிட்டார்.

"மாளிகை, தங்கச்சி, மாளிகை! இப்பிடி ஒரு வீடு உந்தக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் இல்லை."

இதை அவர் சொன்னது, உப்புக் காற்றில் உக்கி உதிர்ந்துகொண்டிருந்த யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. கம்பியின் துரு அவருடைய வெள்ளைச் சட்டையில் அப்பியது. அதையும் தட்டிவிட்டுச் சிரித்தார். நான் கையெழுத்துப் பிரச்சினையைச் சொன்னேன்.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையே? ஒரு ஆளைப் போட்டால் சரி."

"என்ன ஆள்?"

"உன்ரை புருசனாய் வந்து இருந்து கையெழுத்து வைக்க ஒரு ஆள். அராலிப் பக்கம் என்ரை கைக்குள்ளை ஒருத்தர் இருக்கிறார். இப்பிடி எத்தினை பேருக்குப் புருசனாய் இருந்தவர்! இதுவரைக்கும் ஒரு பிழை வரேல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் தெரியாத ஒருவன் என் பக்கத்துக் கதிரையில் இருந்து நான்தான் செபநாயகம் என்று சொல்லுவதா? வந்தவருக்கு ஒரு தேத்தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

ஆனால் அவர் போட்டுவிட்டுப் போன யோசனை போகவில்லை. குசினியில் நின்றால் வந்தது, கோயிலில் முழந்தாளில் நின்றால் வந்தது. யோசித்துப் பார்த்தால் வேறு வழியும் இருக்கவில்லை. செபநாயகம் இருந்திருந்தால் மகளுக்காகக் கையெழுத்து வைத்திருப்பார்தானே? அவருடைய கைக்குப் பதிலாக இன்னொரு கை, அவ்வளவுதான். இப்படி என் மனச்சாட்சியை நானே தட்டிக்கொடுத்துப் படுக்க வைத்தேன். இன்னாசித்தம்பியை வேண்டாம் என்றதற்குக் காரணம் இப்போது பாவம் அல்ல, அவருடைய வாய். ஒரு பிளா கள்ளு உள்ளே போனால் போதும், அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்பே முழுப் பங்குக்கும் தெரிந்துவிடும். எனக்கு வேண்டியது வாய் திறக்காத ஒரு கள்ளர்.

சின்னம்மா, உரும்பிராய்த் தரகர் அருளம்பலத்தை அனுப்பிவைத்தா. நெற்றியில் விபூதியும் கையில் குடையுமாக வந்தார். வணக்கம் சொன்ன பிறகு ஒரு கதை இல்லை. சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு வாயில் விட்டுத் துப்பினார்.

"உப்பு," என்றார். "சுவரும் அடியாலை அரிச்சுக்கொண்டு வருது. நீங்கள் நினைக்கிற விலைக்குப் போகாது, தங்கச்சி. வீடாய் விக்கேலாது. இறங்குதுறைக்குக் கிட்ட இருக்கிறதாலை மீனுக்கு ஐஸ் போடுற முதலாளிமார் ஆரும் இடத்துக்காக எடுப்பினம்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இவ்வளவு இறுக்கமான மனிதர் இரகசியத்தையும் இறுக்கிப் பிடிப்பார் என்று என் மண்டைக்குள் ஓடியது. பின்னால் யோசித்தால், நேர்மையான ஒரு மனிதரை நான் அதே காரணத்துக்காகக் கள்ளர் என்று நினைத்திருக்கிறேன். என்ன மண்டையோ!

"வில்லங்கம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

"ஒரு வில்லங்கமும் இல்லை. ஈடு, ஒற்றி ஒண்டும் வைக்கேல்லை."

"அப்ப புருசன்ரை கையெழுத்து மட்டும்தான் வேணும். அவர் எங்கை?"

"அவர் கடலோடை போயிட்டார்."

எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்லுவோம். கடல் எடுத்து, உடலைத் திருப்பித் தராதவரைச் செத்தார் என்று வாயால் சொல்ல மாட்டோம். சொன்னால் கடலில் நிற்கிற மற்ற வள்ளங்களுக்குக் கூடாது என்று ஒரு பயம். கடலோடை போயிட்டார் என்றால் குருநகரில் பால்குடிப் பிள்ளைக்கும் விளங்கும்.

அருளம்பலத்தார் தலையை ஆட்டினார். "உந்த வருசங்களிலை கனபேர் அப்பிடித்தான் போனவை. பேந்து ஒரு சேதியும் இல்லையோ?"

"என்ன சேதி வரும்?"

"அதுவும் சரிதான்."

நான் எட்டி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன். "நீங்கள்தான் எப்பிடியாவது ஆளைக் கொண்டுவந்து கையெழுத்தை எடுத்துத் தரவேணும். வெளியிலை ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

அவர் குடையைச் சுவரில் சாத்தினார். பிறகு, "ஆளைக் கொண்டுவந்தால்தான் அலுவல் முடியும். கொண்டுவாறன். நான் ஆருக்கும் சொல்லன்," என்றார்.

விளங்கிக்கொண்டார் என்று எனக்கு உடம்பெல்லாம் லேசாகியது. அதோடு விடவில்லை மனிதர். செபநாயகம் எவ்வளவு உயரம், என்ன நிறம், தகப்பன் பெயர் என்ன, உடம்பில் அடையாளம் ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இன்னாசித்தம்பியின் ஆள் சும்மா வந்து கிறுக்கிவிட்டுப் போவான். இவர் என்னடா என்றால் ஒரு முழுச் செபநாயகத்தையே தயாரிக்கப் போகிறார்! நானும் உற்சாகமாகச் சொன்னேன். திருக்கை முள் குத்தி நகம் போன இடதுகைப் பெருவிரலைச் சொன்னேன். பொய் சொல்ல முன்பு காதைத் தடவுவார் என்பதையும் சொன்னேன்.

"ஆரோடை போனவர்?"

"யாகப்பு எண்டு பேசாலை ஆள் ஒருத்தர். அவரும் போயிட்டார்."

"படம் ஒண்டு தருவீங்களோ?"

சுவரில் இருந்த கலியாணப் படத்தைக் கழற்றிக் கொடுத்தேன். முகச் சாயலும் பார்த்துத்தான் ஆள் பிடிப்பாராக்கும். இவ்வளவு நாளும் இப்படி ஒரு ஆளைத் தெரியாமல் இருந்துவிட்டேனே என்றுகூட நினைத்தேன்.

கொஞ்ச நாளில் ஐஸ் முதலாளி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார். விலை பேசி முடிந்தது. பிறகு தரகரைக் காணவில்லை. சண்டை தொடங்கப் போகிறது என்று ஒரு கதை, இல்லை என்று இன்னொரு கதை. கோட்டைப் பக்கம் பட்டாசு வெடித்தாலும் ஓடிப்போய் றோசைப் பார்த்தேன். றோஸ் படுக்கிற பாயைச் சுவரோரத்திலிருந்து இழுத்து நடு அறையில் போட்டேன். அதனால் என்ன பிரயோசனம் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் பின்னேரம் அருளம்பலத்தார் வந்தார். வெயிலில் கறுத்துப் போயிருந்தார்.

"மன்னார்ப் பக்கம் போகவேண்டி வந்திட்டுது. ஆள் கிடைச்சிட்டார்."

மன்னார்! நல்ல யோசனை. அங்கேயிருந்து வருகிறவனை இங்கே ஒருவருக்கும் தெரியாது.

"பொருத்தமோ?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "எல்லாம் பொருத்தம். நீங்கள் சொன்ன விரலையும் பாத்தனான்."

"விரலுமோ!"

"ஓம். ஆனால் வரமாட்டன் எண்டுதான் ஒரே பிடியாய் நிண்டவர். திரும்பவும் போய், மகளின்ரை நன்மைக்கு எண்டு சொல்லித்தான் சம்மதிக்க வைச்சது."

"பயமாய் இருக்கும்தானே, பாவம்."

"ஓம், பயம்தான். உங்களை எப்பிடிப் பாக்கிறது எண்டு கேட்டவர்."

"என்னைப் பாக்க என்ன பயம்? நான் ஒண்டும் கேட்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ. வந்து வைச்சுப்போட்டுப் போகட்டும்."

அந்த மனிதர் இதைக் கேட்டு நெகிழ்ந்துபோனார். "நீங்கள் பெரிய மனசுக்காரி, தங்கச்சி," என்றார். எதற்கு இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேனே தவிர, அதை நோண்டிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலமை, உரும்பிராயில் சோமசேகரம் நொத்தாரிசு வீட்டில் உறுதி எழுதுவதாக முடிவாகியது.

றோசுக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். பதினேழு வயசுப் பிள்ளையிடம் எதை மறைக்கிறது? முதலில், "இது பாவமெல்லே அம்மா?" என்றாள். இராசாத்தியின் குசினியைக் காட்டினேன். அதற்குப் பிறகு பாவத்தைப் பற்றிக் கதைக்கவில்லை, பகிடிதான் பண்ணினாள். "அம்மாவுக்கு மாப்பிள்ளை வாறார்," என்றாள். "கழுத்திலை ஒண்டும் இல்லாமல் போனால் நொத்தாரிசு நம்புவாரோ?" என்று தன்னுடைய சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு நிறச் சேலை உடுத்தினேன். உடுத்திக்கொண்டு செபநாயகத்திடம் மன்னிப்புக் கேட்கப் போனால், படம் தரகரிடம் இருந்தது. ஆணியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

பஸ்சில் போகும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இவர்தான் என்ரை புருசன். இவர்தான் என்ரை புருசன். நொத்தாரிசு கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

நொத்தாரிசின் வீட்டு முன் அறையில் ஒரு பெரிய மேசை. அதற்கு அங்கால் சோமசேகரம், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேனைக்கு மை நிரப்பிக்கொண்டு இருந்தார். சுவரோரத்து வாங்கில் சாட்சிக்கு வந்த இரண்டு பேர். ஐஸ் முதலாளி விசிறிக்கொண்டு இருந்தார். அருளம்பலத்தார் வாசலுக்கு வந்து என்னைக் கூட்டிப்போனார். மேசைக்கு முன்னால் வாசலுக்கு முதுகு காட்டி ஒருவர் இருந்தார்.

பின்கழுத்தைத்தான் முதலில் கண்டேன். வெயிலில் வெடித்த, கடல்காரனின் கழுத்து. அட, கெட்டிக்காரர்தான், தோட்டக்காரனைப் பிடிக்காமல் கடல்காரனையே பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்தேன். தலையைக் குனிந்தபடி சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். மேசையில் அவருடைய இடது கை இருந்தது. பெருவிரலில் நகம் இல்லை. விரல் உள்ளுக்கு வளைந்திருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு விளங்கவில்லை. இதை எப்படிச் செய்தார்கள் என்றுதான் யோசித்தேன். ஒரு கையெழுத்துக்காக ஒருவனுடைய நகத்தையா பிடுங்கினார்கள்? ஐயோ கடவுளே, இந்தப் பாவமும் என் தலையிலா என்று நினைத்தேன்.

அந்தக் கை மேலே எழும்பிப் போய்க் காதைத் தடவியது.

"யசிந்து," என்றார்.

என் பெயர் யசிந்தா. இந்த உலகத்தில் என்னை யசிந்து என்று கூப்பிட்டது ஒரே ஒரு ஆள். அதை நான் தரகருக்குச் சொல்லவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். செபநாயகம் இருந்தார். ஐந்து ஆண்டுப் பூசை ஒப்புக்கொடுத்து, கல்லறைத் திருநாளுக்கு வெறும் மண்ணில் மெழுகுதிரி கொளுத்தி, கண் வற்ற அழுது முடித்த செபநாயகம், காதோரம் நரைத்து, கொஞ்சம் கொழுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு இருந்தார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. சத்தம் வரவில்லை. முதலாளியின் விசிறி போய் வருவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். உயிரோடு இருக்கிறாரே என்று ஒரு சந்தோசம் முதலில் வந்ததுதான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது நின்றது ஒரு மூச்சு நேரம். அடுத்த மூச்சில் அந்த இஸ்திரிச் சட்டையைப் பார்த்தேன். அதை ஆர் அழுத்திக் கொடுத்தது?

சோமசேகரம் உறுதியை வாசிக்கத் தொடங்கினார். வடக்கு எல்லை, தெற்கு எல்லை, கிணறு, வழி வாய்க்கால். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. "மேற்படி யசிந்தாவும், சம்மதம் கொடுக்கும் அவருடைய கணவர் செபநாயகமும்" என்று வந்த இடத்தில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு உங்கள் ரண்டு பேரையும் பழக்கமில்லை. அதாலை கேட்க வேணும். இவர் உங்கடை புருசன்தானே?"

பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்த பொய். இப்போது அது உண்மையாக நாக்கில் நின்றது, வெளியே வர மறுத்தது. இல்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. இவர் ஆரோ, என் புருஷன் செத்துப்போனார் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனால், நான் பழைய யசிந்தாவாகவே வீட்டுக்குப் போகலாம். நல்ல மனிதனுக்குக் கைம்பெண். ஆனால் போகிற வீடு இராசாத்தியின் குசினிக்குப் பக்கத்து வீடு. அங்கே நடு அறையில் ஒரு பாய் கிடந்தது.

"தங்கச்சி?" என்றார் அருளம்பலத்தார்.

"ஓம்," என்றேன். "இவர்தான்."

அவர் கையெழுத்து வைத்தார். நான் வைத்தேன். சாட்சிகள் வைத்தார்கள். முதலாளி, "மனிசிக்கு விக்க மனம் வரேல்லை, சீதன வீடெல்லே," என்று ஆறுதல் சொன்னார்.

வெளியே ஒழுங்கைக்கு வந்த பிறகுதான் எனக்குக் குரல் திரும்பியது.

"நீ செத்தனியெல்லே?" என்றேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக நீ என்றேன்.

அவர் மதிலோடு ஒதுங்கி நின்றார். "சுட்ட உடனை நானும் யாகப்புவும் கடலிலை குதிச்சம். இந்தியா மீன்பிடி றோலர்க்காரர்தான் தூக்கினவை. மண்டபம் அகதிக் காம்பிலை கிடந்தன், காய்ச்சலிலை. அங்கை ஒரு மனிசிதான் பாத்தவ. பேந்து..." காதைத் தடவப் போன கையைத் தானே கீழே இறக்கினார். "பேந்து ஒரு குழந்தையும் பிறந்திட்டுது. அகதிக் கப்பலிலை திரும்பி வந்து, மன்னாரிலை யாகப்புவின்ரை ஊரிலையே இருந்திட்டம். எந்த முகத்தோடை உன்னட்டை வாறது?"

"வர முகம் இல்லை. கையெழுத்து வைக்கக் கை மட்டும் இருந்ததோ?"

"பிள்ளைக்கு நல்லது எண்டு தரகர் சொன்னவர். நீ எல்லாம் தெரிஞ்சுதான் கூப்பிடுறாய், ஒண்டும் கேட்கமாட்டாய் எண்டும் சொன்னவர்."

நான் அருளம்பலத்தாரின் பக்கம் திரும்பினேன். மனிதர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு குடையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார்.

"தங்கச்சி, நீங்கள்தானே அவர் கடலோடை போயிட்டார் எண்டு சொன்னீங்கள்?"

"ஓம், சொன்னனான்! கடலோடை போயிட்டார் எண்டால் செத்துப் போனார் எண்டு அர்த்தம்!"

"செத்தோ?" அவருடைய முகம் வெளுத்துவிட்டது. "எங்கடை பக்கத்திலை கடலாலை போறது எண்டால் இந்தியாவுக்குப் போறதெல்லோ? என்ரை அக்காவின்ரை பெடியன்கள் எல்லாம் அப்பிடித்தான் போனவங்கள். இவரும் உங்களை விட்டிட்டுப் போனவர் எண்டெல்லோ நினைச்சன். இந்தியாவாலை திரும்பினவை எங்கையெங்கை இருக்கினம் எண்டு தேடி, யாகப்புவின்ரை ஊருக்குப் போனன். போனால் இவர் வாசலிலை வலை பொத்திக்கொண்டு இருக்கிறார்." சொல்லிக்கொண்டு போனவர் சட்டென்று நின்றார். "அப்ப நீங்கள் கொண்டுவரச் சொன்ன ஆள் ஆர்?"

அவர் என் நிறச் சேலையைப் பார்த்தார். கழுத்துச் சங்கிலியைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"ஐயோ, கள்ளக் கையெழுத்தோ கேட்டனீங்கள்? என்னட்டையோ?"

அப்படியே மதகில் இருந்துவிட்டார். செத்தவன் உயிரோடு வந்து நின்றது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. முப்பது வருடம் தரகு செய்தவரிடம் ஒரு பெண் கள்ளக் கையெழுத்துக் கேட்டாள், தானும் ஓம் என்றுவிட்டார் என்பதுதான் அந்த மனிதரை உலுக்கிப்போட்டது. அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் எனக்குப் பைத்தியக்காரச் சிரிப்பு ஒன்று தொண்டைவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"றோஸ் என்னைத் தேடுறவளோ?" என்று செபநாயகம் கேட்டார்.

"நாள் தவறாமல் உன்ரை ஆத்துமத்துக்குச் செபம் சொல்லுறாள்."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஐந்து வருடம் நான் அழுத அழுகையெல்லாம், இந்த ஆள் வேறொருத்தி ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தபோது அழுதது என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு என் கண்ணீர் மேலேயே கோபமாக இருந்தது.

"ஒருக்காப் பிள்ளையைப் பாக்க விடு. வீட்டை வந்து பாத்திட்டுப் போயிடுறன்."

"எந்த வீடு? அதைத்தானே இப்ப சம்மதிச்சு வித்தனி."

அவர் பஸ் எடுக்கப் போகும்வரை நான் நிற்கவில்லை. அருளம்பலத்தார் மட்டும் பின்னால் ஓடிவந்து, கலியாணப் படத்தை என் கையில் தந்தார்.

வீட்டுக்கு வரப் பின்னேரமாகிவிட்டது. றோஸ் வாசலிலேயே நின்றாள். என் முகத்தைப் பார்க்க முன்பு கேள்விதான்.

"அலுவல் முடிஞ்சுதோ அம்மா?"

"முடிஞ்சுது. அடுத்த கிழமை சண்டிலிப்பாய்க்குப் போகலாம்."

அவள் என்னைக் கட்டிப் பிடித்தாள். பிறகு குசினிக்குள் இழுத்துப்போய் வாங்கில் இருத்தி, தேத்தண்ணீர் தந்துவிட்டு முன்னால் குந்திக்கொண்டாள். கண் பளபளவென்று இருந்தது.

"நொத்தாரிசு ஒண்டும் சந்தேகப்படேல்லையோ?"

"இல்லை."

"அந்த ஆள் பயந்தவரோ?"

"பயந்துதான் இருந்தவர்."

"அப்பாவின்ரை பேரைப் பிழையில்லாமல் எழுதினவரோ?"

"எழுதினவர்."

றோஸ் என் சேலைக் கரையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பகிடி எல்லாம் போய்விட்டது.

"அம்மா, அந்த மனிசன் அப்பாவைப் போல இருந்தவரோ?"

"ஓம், பிள்ளை."

"நல்லாயோ?"

"நல்லாய்."

"அப்ப ஒருக்காத் தரகரைக் கேளுங்கோவன்," என்றாள் மெதுவாக. "இஞ்சை கூட்டிக்கொண்டு வரட்டும். கதைக்கத் தேவையில்லை. சும்மா வந்து அந்தக் கதிரையிலை கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போகட்டும். எனக்கு அப்பாவின்ரை முகம் மறந்துகொண்டு போகுது."

தேத்தண்ணீர்க் கோப்பையை நிலத்தில் வைத்தேன். பொய் சொல்ல வேண்டும் என்றுதான் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் இந்த வீட்டில் ஐந்து வருடம் அவள் மாதாவின் படத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் நிற்பாள். அதை இனி என்னால் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது.

"அது அப்பாதான், றோஸ்."

அவள் கலகலவென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.